வீடும் வாழ்வும்: சுவரில் படிந்த சிகரட் புகை



சமையலறைச் சுவரில் படியும் அடுப்புக் கரி நம் எல்லோருக்கும் பழக்கமானது. தும்புத்தடியால் தட்டினால் ஓரளவு உதிர்ந்துவிடும். ஆனால் சிகரட், சுருட்டு, பீடிப் புகையால் அறைச் சுவர்களில் படியும் மஞ்சள் கறை அப்படியானதல்ல. புகையிலை எரியும்போது வரும் தாரும் நிக்கொட்டினும் பசைபோலச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. பச்சைத் தண்ணீரால் துடைத்தால் அந்தப் பசை போகாது. அதன்மேல் வெள்ளையடித்தாலும் மறையாது.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, காணி விடுவிக்கப்பட்ட பின்னர் திரும்பி வந்த ஓர் அம்மாவை எனது வேலையின்போது சந்தித்தேன். இடையில் யார் யாரோ இருந்துவிட்டுப் போன வீடு. முன் அறைச் சுவர் முழுவதும் தேநீர்ச் சாயம் ஊற்றியதுபோல இருந்தது. "ரெண்டு தரம் வெள்ளையடிச்சன் பிள்ளை. ரெண்டு தரமும் மஞ்சள் திரும்பி வந்திட்டுது. சீட்டுக் காசும் முடிஞ்சுது" என்றார். அந்த அறைக்குள் போனால் பேரப்பிள்ளைக்கு இழுப்பு வருகிறது என்பதுதான் அவருடைய பெரிய கவலை.

அந்தக் கவலை நியாயமானதே. புகைத்தவர் போன பின்பும் சுவரிலும் திரைச்சீலையிலும் மெத்தையிலும் நிக்கொட்டின் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். அறைக் காற்றிலுள்ள நைதரசு அமிலத்துடன் அது சேரும்போது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் உருவாவதை, அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூட ஆய்வாளர்கள் 2010 இல் எடுத்துக்காட்டினார்கள். தவழும் குழந்தை சுவரையும் நிலத்தையும் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைக்கிறது. ஆகவே இது வீட்டின் அழகைப் பற்றிய விடயம் மட்டுமல்ல.

பெயின்ற் பூசிய சுவரானால் இப்படிச் செய்யுங்கள்:

1. யன்னல், கதவுகளைத் திறந்துவிடுங்கள். மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். ஒட்டடையையும் தூசியையும் உலர்ந்த துணியால் தட்டி எடுங்கள்.

2. 4 லீற்றர் இளஞ்சூட்டு நீரில் அரைக் கோப்பை சலவைச் சோடாவும் சிறிதளவு சவர்க்காரத் தூளும் கரையுங்கள். கைக்கு இறப்பர் கையுறை அவசியம். முதலில் கதவு மூலையில் சிறிய இடத்தில் துடைத்துப் பாருங்கள். பெயின்ற் கரைந்து வந்தால் சோடாவைக் குறையுங்கள்.

3. கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் உலர்ந்த சுவரில் வழிந்து கோடு கோடாகப் படியும். பிறகு அதை எடுப்பது கடினம். கரைசலைப் பூசிச் சில நிமிடம் விட்டு, ஸ்பொஞ்சால் மெதுவாகத் தேயுங்கள். நீர் மஞ்சளானதும் மாற்றுங்கள்.

4. நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழாகத் துடைத்தெடுத்து, ஒரு நாள் உலரவிடுங்கள். கறை மிச்சமிருந்தால் மீண்டும் ஒருமுறை கழுவுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கறை வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரை வினாகிரியுடனோ, அமோனியாவுடனோ, கழிவறை கழுவும் அமிலத்துடனோ கலக்கவே வேண்டாம். அதிலிருந்து எழும் நச்சுவாயு மூச்சை அடைத்துவிடும்.

சுண்ணாம்பு அடித்த சுவரைக் கழுவ முடியாது. சுண்ணாம்பு கரைந்து வரும். அதை இலேசாக நனைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பழைய பூச்சைச் சுரண்டி எடுத்த பின்பே புதிதாக அடிக்க வேண்டும். பழைய எனாமல் பெயின்ற்றை மட்டும் சுரண்ட வேண்டாம். அதில் ஈயம் இருக்கக்கூடும்.

கழுவிய பிறகும் மஞ்சள் தெரிந்தால், பெயின்ற் பூசுமுன் கறையை மறைக்கும் எண்ணெய்ப் பிரைமர் ஒரு பூச்சுப் பூசுங்கள். தண்ணீரில் கலக்கும் பெயின்ற்றையும் சுண்ணாம்பையும் ஊடுருவிக்கொண்டு நிக்கொட்டின் மேலே வந்துவிடும். அந்த அம்மாவின் இரண்டு வெள்ளையடிப்பும் வீணானது இதனால்தான். பிறகு அவரும் மருமகளும் பழைய சுண்ணாம்பை முழுவதும் சுரண்டி, முன் அறைக்கு மட்டும் பிரைமர் வாங்கி, அதன்மேல் எமல்சன் பூசினார்கள். மூன்றாவது தடவைச் செலவு அத்துடன் நின்றது. திரைச்சீலைகளைத் துவைத்து, மெத்தையை வெயிலில் போட்ட பின்னரே மணம் குறைந்தது. பிள்ளையின் இழுப்புக்கு மருந்து தொடர்கிறது. சுவரைக் கழுவுவது வைத்தியத்துக்கு ஈடாகாது.

இன்னுமொரு விடயம். போன ஆட்கள் விட்ட கறையை ஒருமுறை கழுவினால் போதும். வீட்டில் இருப்பவரே உள்ளே புகைத்தால் ஒவ்வொரு வருடமும் கழுவ வேண்டும். புகைப்பது பெரும்பாலும் ஆண். வாளியைத் தூக்குவது பெண். போரில் பட்ட துயரத்துக்குப் பின் புகைக்கத் தொடங்கிய கணவனிடமோ சுருட்டை விடாத தகப்பனிடமோ இதைப் பேசுவது எளிதல்ல என்பதை நான் அறிவேன். "விட்டுவிடுங்கள்" என்று தொடங்காமல், "பிள்ளைக்காக வெளியில் போய்ப் புகையுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு வையுங்கள். கோபமும் அடியும் வரும் வீடாக இருந்தால் தனியே பேச வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லுங்கள்.

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. எனவே கடைக்குப் பிள்ளையை அனுப்பிச் சிகரட் வாங்குவிக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஆனால் அந்தச் சட்டம் நமது வீட்டுப் படலைக்குள் வராது. உள்ளே புகைப்பதில்லை என்ற ஒழுங்கை வீட்டார்தான் ஏற்படுத்த வேண்டும். சுவரைக் கழுவி முடித்த நாளே அதைப் பேசுவதற்கு நல்ல நாள்.