கதவைக் கழற்றி வைக்கும் கணினிக்காரர்கள்

செஞ்சியில் ராஜகிரி ஏறியவர்களுக்கு அந்த மூச்சு வாங்கல் மறந்திருக்காது. வாசலுக்குப் பின் வாசல், உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பிளவு, அதன்மேல் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. 1690-ல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயப் படை 1698-ல்தான் கோட்டையைப் பிடித்தது. ஏறி இறங்கத் தொல்லையாக இருக்கிறதே என்று உள்ளே இருந்தவர்கள் கதவைக் கழற்றிப் போடவில்லை.

கணினி விஷயத்தில் நம்மவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்! செஞ்சியில் வீட்டிலிருந்தபடி சென்னை அலுவலகக் கணினியை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறக்க வேண்டும். அதற்கு எஸ்.எஸ்.ஹெச். சுரங்கம் நல்ல வழி. (கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட சம்பவத்துக்குப் பிறகு, 1995-ல் பின்லாந்தின் டாட்டு இலோனன் எழுதியது எஸ்.எஸ்.ஹெச்.) இரண்டு முறை இணைப்பு வரவில்லை என்றால் பொறுமை போய்விடுகிறது. ரௌட்டரில் 3389 போர்ட்டை உலகத்துக்கே திறந்து விடுகிறார்கள். உடனே வேலை செய்கிறது. செய்யும்தான், திருடனுக்கும் சேர்த்து. 2019 மே மாதம் வெளியான 'ப்ளூகீப்' ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. 2014-லேயே கைவிட்ட எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது.

எந்த வாசலில் நிற்கிறோம் என்று பார்க்காததுதான் சிக்கல். முதலில் ரிமோட் டெஸ்க்டாப்பை மறந்துவிட்டு, எஸ்.எஸ்.ஹெச். மட்டும் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். போனால் அடுத்தது சுரங்கத்தின் விலாசம். 3390:லோக்கல்ஹோஸ்ட்:3389 என்று எழுதுகிறோமே, பெரும்பாலோர் வழுக்கி விழுவது இங்கேதான். அந்த லோக்கல்ஹோஸ்ட் மடியில் இருக்கும் கணினி அல்ல, மறுமுனையில் இருக்கும் எஸ்.எஸ்.ஹெச். சர்வர். விண்டோஸ் கணினி வேறு பெட்டி என்றால் அதன் உள் முகவரியைத் தர வேண்டும். இடப்பக்கம் 3389 என்றே போட்டால், மடிக்கணினியின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் சேவை அங்கே ஏற்கெனவே குந்தியிருக்கலாம். அதனால்தான் 3390. பிறகு இணைப்பதும் லோக்கல்ஹோஸ்ட்:3390-க்குத்தான்.

எஸ்.எஸ்.ஹெச். சன்னலில் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வந்தால் சந்தோஷப்படலாம். சுரங்கம் சரி, மறுமுனையில் ரிமோட் டெஸ்க்டாப் ஓடவில்லை. விண்டோஸ் ஹோம் பதிப்பில் அந்த வசதியே கிடையாது. 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி ப்ரொஹிபிட்டட்' என்றால் பெரும்பாலும் சர்வர்காரர் அனுமதிக்கவில்லை, அவரைக் கேட்பதுதான் மரியாதை. சும்மா இருக்கும்போது அறுந்தால் 'சர்வர்அலைவ்இன்டர்வல்' 60 என்று வைத்துப் பார்க்கலாம். திறக்க வேண்டிய கணினி செஞ்சியில் மொபைல் இணையத்தில் இருந்தால் அதற்கெனத் தனிப் பொது முகவரி இருக்காது. அங்கிருந்து தலைகீழ்ச் சுரங்கம் போட வேண்டும்.

சுரங்கம் மெதுவாக இருக்கும் என்பார்கள். பாதி உண்மை. மறையாக்கத்துக்கு ஆகும் நேரம் ஒன்றுமில்லை, ஆனால் யு.டி.பி. இதன் வழியே போகாது, அதனால் வீடியோ திணறும். அலுவலகக் கணினியில் படம் பார்க்கத்தான் இத்தனை பாடு என்றால் வேறு வழி தேடட்டும். கணக்குப் பதிவேட்டுக்கு இது தாராளம்.