அலறலின் கையறுநிலை

மெட்டல்கோர் என்று பேச்செடுத்தாலே இலக்கிய நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். பாக்கையும் பீத்தோவனையும் ரசிப்பவர்கள், பிங்க் ஃப்ளாய்ட் வரைகூடத் தயக்கமின்றி வந்துவிடுபவர்கள், தொண்டை கிழியும் அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள். இதில் ஒரு சொல்லாவது புரிகிறதா என்பது அவர்களுடைய வழக்கமான கேள்வி. பெரும்பாலும் புரிவதில்லைதான். ஆனால் சொல் புரிந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எல்லா இசைக்கும் பொருந்துமா? மிசரி சிக்னல்ஸ் என்ற குழுவை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

ஹார்ட்கோர் பங்க்கின் ஆவேசமும் மெட்டலின் கனமும் கலந்து பிறந்த வடிவம் மெட்டல்கோர். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரக் குழுக்கள் தொண்ணூறுகளில் வளர்த்தெடுத்த இரட்டை கிடார் இழைகள் அதனுடன் சேர்ந்தபோது மெலடிக் மெட்டல்கோர் உருவாயிற்று. அட் த கேட்ஸ் குழுவின் ‘ஸ்லாட்டர் ஆஃப் த சோல்’ (1995) அதற்கு முன்னோடி. 2002இல் வெளிவந்த கில்ஸ்விட்ச் எங்கேஜின் ‘அலைவ் ஆர் ஜஸ்ட் ப்ரீதிங்’ அலறலையும் இனிய குரலையும் அருகருகே வைத்தது. பின்னால் வந்த பல குழுக்கள் அதையே சூத்திரமாக்கின. சரணத்தில் அலறு, பல்லவியில் உருகு. விற்பனைக்கு உகந்த சூத்திரம். எனக்கோ அது சீக்கிரமே அலுத்துவிட்டது.

மிசரி சிக்னல்ஸ் அந்தச் சூத்திரத்தின் பக்கம் அதிகம் போகவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் உள்ள மில்வாக்கியில் 2002இல் தொடங்கப்பட்ட குழு அது. அதன் பிறப்பே ஒரு சாவோடு பிணைந்தது. கனடாவின் எட்மண்டனைச் சேர்ந்த காம்ப்ரமைஸ் என்ற குழு இசைப்பயணத்தில் இருந்தபோது சாலை விபத்தில் அதன் உறுப்பினர்கள் இருவர் இறந்தனர். அக்குழுவின் பாடகராக இருந்த ஜெஸ்ஸி ஸராஸ்கா, மில்வாக்கியின் ரயன் மோர்கன், பிரான்டன் மோர்கன் சகோதரர்களுடன் இணைந்து புதிய குழுவில் பாடத் தொடங்கினார். 2004இல் வந்த முதல் ஆல்பம் ‘ஆஃப் மாலிஸ் அண்ட் த மாக்னம் ஹார்ட்’. அதில் ‘த இயர் சம்மர் எண்டட் இன் ஜூன்’ என்ற பாடல் இறந்த அந்த நண்பர்களுக்கானது. கோடை ஜூனிலேயே முடிந்துபோன ஆண்டு! வட அமெரிக்காவில் ஜூன் என்பது கோடையின் தொடக்கம் என்பதை நினைத்துக்கொண்டால் தலைப்பே போதும், நெஞ்சு கனத்துவிடும்.

இந்த இசையில் என்னைக் கட்டிப்போடுவது அதன் அமைப்பு. தாளக்கட்டு நிலையாக நிற்பதில்லை. காது ஓர் எண்ணிக்கைக்குப் பழகும் முன்பே அது உடைந்து இன்னொன்றாகிறது. பிறகு ‘பிரேக்டவுன்’ வருகிறது. வேகம் பாதியாகக் குறைந்து, தாழ்ந்த சுருதியில் அழுத்தி மீட்டப்படும் தந்திகளும் ட்ரம்ஸும் ஒரே அடியாக விழும் இடம் அது. மேடைக்கு முன் நிற்கும் இளைஞர்கள் மோதித் துள்ளுவதற்கென்றே பல குழுக்கள் இதை வைப்பார்கள். இவர்களிடமோ அது கால் தளர்ந்து உட்கார்ந்துவிடுவதைப் போல ஒலிக்கிறது. அந்தக் கனத்தினிடையே முரட்டொலி ஏதுமற்ற கிடார் சில நொடிகள் தனியாக வந்து போகும். தயாரித்தவர் கனடியக் கலைஞர் டெவின் டவுன்செண்ட். பெருங்கனத்துக்குள்ளும் வெளியைத் திறந்துவிடத் தெரிந்தவர். இந்த ஆல்பத்தில் அந்த வெளி கேட்கிறது.

புறத்திணையில் கையறுநிலை என்றொரு துறை இருக்கிறது. இறந்தவனை எண்ணிச் செயலற்று நிற்பவனின் கூற்று. அதைப் படிக்கும்போது நாம் சொற்களைப் படிக்கிறோம். அந்தச் சொற்களுக்கு முந்தைய கணத்தில் வாயிலிருந்து எழுந்திருக்கக்கூடிய ஒலி எந்த ஏட்டிலும் இல்லை. ஸராஸ்காவின் குரல் அந்த முந்தைய கணத்தில் நின்றுவிட்ட குரல் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் சொல் தெளிந்திருந்தால் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். இதைக் கோபத்தின் இசை என்று சொல்பவர்கள் மேலோட்டமாகக் கேட்டவர்கள் என்றே சொல்வேன்.

முதல் ஆல்பத்திற்குப் பின் ஸராஸ்கா விலக, கார்ல் ஷூபாக் வந்தார். அவர் குரலில் ‘மிரர்ஸ்’ (2006), ‘கன்ட்ரோலர்’ (2008) ஆகியவை வெளிவந்தன. ‘கன்ட்ரோலர்’ கச்சிதமானது, முதல் ஆல்பத்தின் பதற்றம் அதில் இல்லை. அதுவரை ஃபெரட் என்ற நிறுவனத்தின் துணை இருந்தது. ‘ஆப்சென்ட் லைட்’ (2013) ஆல்பத்திற்கோ இண்டிகோகோ தளத்தின் வழியாக ரசிகர்களிடமே பணம் திரட்டினார்கள். சுயாதீனம் என்ற சொல்லை நாம் சிற்றிதழ்ச் சூழலில் பெருமிதத்தோடு சொல்வதுண்டு. அதற்கு ஒரு விலையும் உண்டு. 2008க்குப் பின் ஐந்தாண்டு இடைவெளி, 2013க்குப் பின் ஏழாண்டு. யாரும் கெடு வைத்து விரட்டாததால் வந்த அமைதி அது என்று சொல்ல ஆசைதான். கையில் பணமில்லாத இசைக்கலைஞர்களுக்கு நாட்கள் எப்படிக் கரையும் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் ஆண்டுக்கொன்று கேட்கும் பெருநிறுவனம் இருந்திருந்தால் இனிய பல்லவிகளும் கேட்கப்பட்டிருக்கும். இடைவெளியே மேல் என்பேன்.

2020 ஆகஸ்டில் ‘அல்ட்ராவயலட்’ வந்தது. முதல் ஆல்பத்தில் வாசித்த அதே ஐவர், பாடுவது மீண்டும் ஸராஸ்கா. பெருந்தொற்றால் அரங்குகள் மூடிக்கிடந்த மாதம் அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பதினாறு ஆண்டுகள் அந்தத் தொண்டையில் செய்திருப்பது தெரியும். குரல் தடித்திருக்கிறது. கிடார்கள் வெளிச்சத்தை நோக்கி ஏறுகின்றன. அலறல் மட்டும் நிற்கவில்லை.