நாம் நன்கொடையாளர் மட்டும்தானா?

ஜூலை பிறந்தால் நம் கடைகளுக்கு இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்து சேரும். ஒன்று ஆடி மந்தம். மற்றொன்று ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களின் புதிய நிர்வாகிகள். இச்சங்கங்களுக்கு ஜூலை 1-ல்தான் ஆண்டுக் கணக்கு தொடங்குகிறது. பதவியேற்பு விழா முடிந்ததும் புதிய தலைவரும் செயலாளரும் பொருளாளரும் முதல் சுற்று வருவது கடைவீதிக்குத்தான். வெள்ளைச் சட்டை, சட்டையில் சக்கரச் சின்னம் அல்லது சிங்கச் சின்னம், கையில் ரசீதுப் புத்தகம். "போன வருசம் ஐந்நூறு போட்டிருக்கீங்ணா, இந்த வருசம் ஆயிரமாப் போட்டுக்கலாங்களா?" நாமும் கல்லாவைத் திறந்து கொடுத்தனுப்பிவிட்டு, நின்று கொண்டிருக்கும் வாடிக்கையாளருக்குத் துவரம்பருப்பு நிறுக்கப் போய்விடுகிறோம்.

கொடுப்பதைக் குறை கூற இதை எழுதவில்லை. கண் சிகிச்சை முகாமானாலும் இரத்ததான முகாமானாலும் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் கடைவீதியிலிருந்துதான் போகின்றன. இனியும் போக வேண்டும். என் கேள்வி வேறு. இத்தனை காலமாகக் கொடுத்து வரும் நம்மில் எத்தனை பேர் அச்சங்கங்களில் உறுப்பினர்? டாக்டர் இருப்பார், ஆடிட்டர் இருப்பார், பவுண்டரி முதலாளியும் நகைக்கடைக்காரரும் இருப்பார்கள். மதுக்கரை மார்க்கெட்டில் நாலு பேர் வேலை செய்யும் மளிகைக் கடைக்காரரை அந்த மேசையில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இது எனக்கு வேடிக்கையாகத் தோன்றக் காரணம், இச்சங்கங்களை ஆரம்பித்தவர்களே நம்மைப் போன்றவர்கள்தாம். 1905 பிப்ரவரி 23-ந் தேதி சிகாகோவில் முதன்முதலாகக் கூடியவர்கள் நான்கு பேர். பால் ஹாரிஸ் வழக்கறிஞர்; கஸ்டவஸ் லோயர் சுரங்கப் பொறியாளர்; சில்வெஸ்டர் ஷீல் நிலக்கரி வியாபாரி; ஹைரம் ஷோரே தையல் வியாபாரி. ஒட்டல் அறை ஏதும் எடுக்கவில்லை. இந்த முறை ஒருவருடைய தொழிலிடத்தில், அடுத்த முறை இன்னொருவருடைய தொழிலிடத்தில் என்று சுழற்சியாகக் கூடினார்கள்; அதனால்தான் ரோட்டரி என்று பெயர். ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஆரம்ப நோக்கங்களில் ஒன்று. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று குறித்து வைக்கவே ஒருவரை நியமித்திருந்தார்கள்! பின்னால் அது கைவிடப்பட்டு, ஊர்ச் சேவை முன்னால் வந்தது. லயன்ஸ் சங்கமும் அதே சிகாகோவில் ஒரு வியாபாரிகள் வட்டத்திலிருந்து 1917-ல் வளர்ந்ததுதான். தொடங்கிய மெல்வின் ஜோன்ஸ் காப்பீட்டுத் தொழில் செய்தவர்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு சங்கத்தின் கூட்டத்துக்கு விருந்தினனாகப் போயிருந்தேன். ஊர், பெயர் வேண்டாம். ஏழரைக்கு என்று அழைப்பிதழ், எட்டேகாலுக்குத் தொடங்கியது. சிறப்புப் பேச்சாளரை அறிமுகப்படுத்தியவர் பதினைந்து நிமிடம் பேசினார். பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. பேச்சாளருக்கு மிஞ்சியது பன்னிரண்டு நிமிடம். மன அழுத்தத்தை வெல்வது எப்படி என்பது தலைப்பு. மாலை வியாபாரத்தைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்திருந்த எனக்கு, அங்கே உட்கார்ந்திருந்ததே போதுமான மன அழுத்தமாக இருந்தது.

ஆனால் அன்று ஒன்று மனதில் நின்றது. கூட்டத்தில் நான்கு கேள்விகளை எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் சொன்னார்கள். நாம் எண்ணுவது, சொல்வது, செய்வது உண்மையா; சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா; நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா; எல்லோருக்கும் பயன் தருமா. நான்முனைச் சோதனை என்கிறார்கள். அந்த மேசையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு இது ஒரு பாத்திரக் கம்பெனியில் பிறந்தது என்று தெரியுமோ! 1932-ல் உலகப் பொருளாதார மந்தத்தின்போது, சொத்தைவிடக் கடன் நாலு லட்சம் டாலர் கூடுதலாகி மூழ்கிக் கொண்டிருந்த கிளப் அலுமினியம் என்ற நிறுவனத்தை ஏற்ற ஹெர்பர்ட் டெய்லர், தன் ஊழியர்களுக்காக எழுதிய நான்கு வரிகள் அவை. வெவ்வேறு சமய நம்பிக்கை கொண்ட தன் நான்கு துறைத் தலைவர்களிடம் முதலில் காட்டி, யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு தங்கள் விளம்பரங்களை அந்த வரிகளில் உரசிப் பார்த்தபோது "மிகச் சிறந்தது" போன்ற சொற்களை எடுத்துவிட வேண்டியதாயிற்று. கம்பெனி கடனை அடைத்து மீண்டது. 1943-ல் ரோட்டரி அதை ஏற்றுக்கொண்டது. எடையும் விலையும் தினமும் கையாளும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது? ஆனால் அதைச் சொல்லும் கூட்டத்தில் தராசு பிடிப்பவன் இல்லை.

ஒரு நல்ல பேச்சாளர் என்ன செய்ய முடியும் என்பதற்கும் இச்சங்கங்களின் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1925-ல் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில், கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் பேசினார். பார்வையற்றோருக்காகப் பாடுபட வாருங்கள் என்று அழைத்தார். அந்த ஒரு பேச்சில்தான் லயன்ஸ் கண் சேவைக்குத் திரும்பியது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஊர் ஊராக முகாம் போட்டபோது, பல ஊர்களில் பந்தலும் நோட்டீசும் சாப்பாடும் பார்த்துக்கொண்டவை இத்தகைய சங்கங்கள்தாம்.

நமக்கும் பேச்சாளர்கள் தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பழைய விலை அச்சிட்ட சரக்கை என்ன விலைக்குக் கொடுப்பது, பில்லில் எப்படிப் போடுவது என்று நம்மில் பலர் பக்கத்துக் கடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சேவைச் சங்க மேசையில் வாராவாரம் உட்காரும் ஆடிட்டர் ஒருவர் கடைவீதிக்கு வந்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் எவ்வளவு பயன்! செல்போன் மூலம் பணம் வந்துவிட்டதாகப் பொய்யாகத் திரையைக் காட்டி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி ஒரு வங்கி மேலாளர், தராசு முத்திரை பற்றி ஓர் அதிகாரி, நாள் முழுதும் நின்றே இருப்பவர்களின் கால் நரம்பைப் பற்றி ஒரு டாக்டர். இவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். நாம் இங்கே இருக்கிறோம்.

நேரம்தான் தடை என்பார்கள். உண்மை. மாலை ஏழு மணிக்குக் கடையை விட்டு வரச் சொல்வது, அறுவடையன்று விவசாயியைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவது போல. ஆனால் வாரந்தோறும் கூடியே தீர வேண்டும் என்ற பழைய கண்டிப்பு ரோட்டரியில் இப்போது இல்லை. 2016-ல் விதி தளர்த்தப்பட்டு, மாதம் இரு முறை கூடினால் போதும் என்றாகிவிட்டது. ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் என்ற விதியும் எப்போதோ தளர்ந்துவிட்டது. மீதி இருப்பது பழக்கமும், ஓட்டல் சாப்பாட்டுச் செலவும், கொஞ்சம் நம்முடைய கூச்சமும்.

"நமக்குத்தான் வணிகர் சங்கம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று மூத்த வியாபாரி ஒருவர் கேட்டார். மே 5 வணிகர் தினத்துக்கு வண்டி பிடிக்கவும், வரி விஷயத்தில் குரல் கொடுக்கவும் நம் சங்கம் வேண்டும்; அதற்கு மாற்று கிடையாது. ஆனால் நம் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் ஒரே தலைவலி. மருந்து தெரிந்தவர் வேறு கூட்டத்தில் இருக்கிறார்.

நாம் அங்கே போனால் அவர்களுக்கும் லாபம் உண்டு. ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குடிநீர்த் தொட்டி, நிழற்குடை, கழிப்பறை என்று சேவைச் சங்கங்கள் கட்டித் தந்தவற்றில் எத்தனையோ இன்று கல்வெட்டு மட்டும் பளிச்சென்று இருக்க, கதவில் பூட்டுத் தொங்குகிறது. காரணம் கெட்ட எண்ணமல்ல. தலைவர் ஆண்டுக்கு ஒருவர் மாறுகிறார். அடுத்தவருக்கு அடுத்த திட்டம். கடைக்காரனோ முப்பது வருடம் அதே இடத்தில் அதே கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பராமரிப்பு என்பது அவன் கையில் இருந்தால்தான் நடக்கும்.

சிகாகோ ரோட்டரி எடுத்துக்கொண்ட முதல் ஊர்ச் சேவை எது தெரியுமா? பொதுக் கழிப்பறை. 1907-ல் முயற்சி தொடங்கியது. எதிர்த்தவர்கள் யார் என்பதுதான் சுவாரசியம்: ஆண்களுக்கு எங்கள் மதுக்கடைகளிலேயே வசதி இருக்கிறது என்றது மது உற்பத்தியாளர் தரப்பு; பெண்களுக்கு எங்களிடம் இருக்கிறது என்றன பெரிய பல்பொருள் அங்காடிகள். உள்ளே வந்தவர் வெறுங்கையோடு போக மாட்டார் என்ற கணக்கு! கடைசியில் நகராட்சிக் கட்டடத்தின் அருகே கழிப்பறை வந்தது.

நம் கடைவீதிக்கு வருவோம். 2021-ல் தமிழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. இருக்கை போட்டோம், அல்லது போட்டதாகச் சொல்கிறோம். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நம் கடைகளில் நிற்கும் பெண்கள் அவசரத்துக்கு எங்கே போகிறார்கள் என்று எத்தனை முதலாளிகள் கேட்டிருக்கிறோம்? தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறோம் என்று ஒரு பெண் சொன்னபோது எனக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மதுக்கரை பேரூராட்சியாக இருந்தது நகராட்சியாகிவிட்டது. இடம் நகராட்சி தரட்டும். கட்டடம் சேவைச் சங்கம் கட்டட்டும். தண்ணீர், துப்புரவாளர் சம்பளம், சாவி ஆகிய மூன்றும் கடைவீதியின் பொறுப்பு என்று நாம் எழுதிக் கொடுப்போம். கடைக்குத் தினம் பத்து ரூபாய் போட்டாலும் காரியம் நடக்கும். தினத்தாள் வாங்கும் காசு அது.

ஆகவே அடியேன் யோசனை இது. இந்த ஆடியில் ரசீதுப் புத்தகத்தோடு புதிய நிர்வாகிகள் வரும்போது, பணத்தைக் கொடுத்துவிட்டு, உங்கள் அடுத்த கூட்டத்தை எங்கள் கடைவீதியில் வையுங்கள் என்று கேட்போம். இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கிய பிறகு, என் கிடங்கில் அரிசி மூட்டைகளை ஓரமாக அடுக்கினால் நாற்பது நாற்காலி தாராளமாகப் போடலாம். பேச்சாளராக அவர்களுடைய ஆடிட்டரே போதும். டீயும் வடையும் நம் செலவு. பொன்னாடை வேண்டாம்.