டான்சில் துண்டு எதற்கு?

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். "ரத்தம் பாக்குற படிப்பாடா?" என்று அம்மா கேட்கும். ஆமாம் என்பேன். ரத்தத்தோடு முடிகிற படிப்பு இல்லை என்பது பயிற்சிக்குப் போனபோதுதான் தெரிந்தது.

அங்கே நெறிக்கட்டித் திசுவில் சி.டி.20 பார்த்தார்கள். பி செல்லின் மேல்சவ்வில் செருகி நிற்கும் புரதம் அது. 1980-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆன்டிபாடியை வைத்துத்தான் இதை அடையாளம் காட்டினார்கள். ஆன்டிபாடி ஒட்டிய இடம் ஸ்லைடில் பழுப்பாகத் தெரியும். 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப் என்ற லிம்போமா மருந்தும் இதே புரதத்தைத்தான் பிடிக்கிறது. ஆக, பழுப்பு வருதா வரலையா என்பதை வைத்துத்தான் அந்த மருந்து கொடுப்பதா என்று டாக்டர் யோசிப்பார்.

அதனால்தான் கூடவே ஒரு டான்சில் துண்டையும் சாயமேற்றச் சொல்கிறார்கள். அதில் பி செல் கூட்டம் பழுப்பாகணும், டி செல் பகுதி ஆகக்கூடாது. அப்போதுதான் நோயாளி ஸ்லைடை நம்பலாம். நான் போன இடத்தில், "ஆன்டிபாடி விலை தெரியுமா தம்பி? நேத்துதானே போட்டோம், போதும்" என்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். நேற்று வேலை செய்த பாட்டில் இன்றும் செய்யும் என்று எவர் சொன்னது? திசுவைச் சூடுபடுத்தியது சரியில்லை என்றால்? பழுப்பு வரவில்லை என்றால் குறை செல்லிலா, நம்ம கையிலா?

இன்னொன்று. ரிட்டுக்சிமாப் செல்லின் வெளிப்பக்கம் பிடிக்கும். நாம் ஸ்லைடில் போடும் எல்26 ஆன்டிபாடி உள்பக்கம் பிடிக்கும். அதனால் மருந்து எல்26-ஐ மறைக்காது. ஆனால் செல்களை ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் வெளிப்பக்க ஆன்டிபாடி போடுவதால், மருந்து இடத்தை அடைத்துக்கொண்டு சி.டி.20 இல்லாதது போலக் காட்டலாம். சிலருக்கு மருந்துக்குப் பிறகு செல்லே சி.டி.20-ஐ உதறிவிடும். அப்போது எல்26-ம் கைவிரிக்கும், சி.டி.79ஏ, பாக்ஸ்5 போல வேறொன்று பார்த்தாகணும். இத்தனைக்கும் விண்ணப்பத் தாளில் 'முன் சிகிச்சை' என்ற இடம் காலியாகவே வருகிறது!

போன் போட்டுக் கேட்பது டெக்னீஷியன் வேலையில்லை என்று சீனியர்கள் சொல்கிறார்கள். என் கட்சி வேறு. பாட்டிலைத் திறப்பது நாம், ஸ்லைடைக் கழுவுவது நாம். கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்கள், சொல்லட்டுமே. அடுத்த பயிற்சிக்குப் போகும்போது டான்சில் துண்டை நானே வெட்டி வைப்பேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.