வண்டியே வீடாகட்டும்!



களத்துமேட்டில் துருப்பிடித்துக் கிடக்கிறதே பழைய டிராக்டர் டிரெய்லர், அதை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

2020 நவம்பர் 26. மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லிக்குக் கிளம்பிய பஞ்சாப், அரியானா விவசாயிகளைத் தடுப்பு வைத்து மறித்தார்கள். திரும்பிப் போனார்களா? இல்லை! சிங்கு, திக்ரி எல்லைகளில் சாலையிலேயே உட்கார்ந்தார்கள். கோதுமை ஏற்றிய டிரெய்லரே வீடானது. மேலே தார்ப்பாய், கீழே வைக்கோல், அதன்மேல் மெத்தை. 2021 ஜனவரி 1-ல் டெல்லியில் குளிர் 1.1 டிகிரி. அந்த ராத்திரியும் அதற்குள்தான் படுத்தார்கள். அறுப்பு வந்தால் ஒரு கூட்டம் ஊருக்குப் போகும், இன்னொரு கூட்டம் வரும். நூற்றுக்கணக்கானோர் உயிரை விட்டார்கள். 2021 நவம்பர் 29-ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டங்களை ரத்து செய்தது.

நாம என்ன பண்றோம்? காலையில் கோஷம், மத்தியானம் பொட்டலச் சோறு, சாயங்காலம் கடைசி பஸ். "பொழுது சாய்ஞ்சா போயிருவாங்க" என்று அதிகாரிக்கும் தெரியும். அதனால்தான் மனுவை வாங்கி மேசையில் போட்டுவிடுகிறார்.

"மாட்டுக்கு யாருய்யா தண்ணி காட்டுறது?" என்பீர்கள். நியாயம்தான். அதுக்குத்தான் முறை வைக்கணும். பத்து வீட்டுக்கு ஒரு வண்டி. வாரத்துக்கு ரெண்டு பேர் அதில் தங்கணும். அவங்க மாட்டையும் வயலையும் மத்த எட்டு வீடும் பார்த்துக்கணும். இந்த ஏற்பாடு இல்லாமல் டிரெய்லர் வெறும் தகரம்தான்.

தார்ப்பாயை எடுங்கள்! வைக்கோலைப் பரப்புங்கள்! கோரிக்கை கிடைக்கும்வரை வீடு திரும்ப வேண்டியதில்லை, வீடே நம்மோடு வருகிறது!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!