பிள்ளை தானாகச் சொல்லாது

“ஸ்கூலில் ஏதாவது கஷ்டம் என்றால் பிள்ளையே வந்து சொல்லாதா? தாளைக் கொடுத்துக் கேட்டால் இல்லாததையும் எழுதிவைக்கும்.” டெல்லியில் பெற்றோர்-ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆசிரியர்கள் சொல்ல, பெற்றோர்கள் தலையாட்டுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. பிள்ளைகளுக்குக் கேடு செய்வதும்கூட.

பள்ளியில் அடிக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அடி நின்றதா? மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் டெல்லி உட்பட 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு, 2007-இல் அறிக்கை வெளியிட்டது. பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 சதவீதம் பேர் அங்கே அடிவாங்கியதாகச் சொன்னார்கள். கொடுமைக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய்திறக்கவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் தெரியவந்தது. பெற்ற தாயிடம்கூடச் சொல்லாத பிள்ளைகள் எத்தனை பேரோ!

2022 ஜனவரி முதல் மார்ச் வரை என்.சி.இ.ஆர்.டி. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான 3,79,842 மாணவர்களிடம் மனநலம் பற்றிக் கேட்டது. பெயர் எழுதுவது கட்டாயமில்லை. பள்ளி வாழ்க்கை திருப்தியாக இருக்கிறது என்றார்கள் 73 சதவீதம் பேர். படிப்பும் தேர்வும் தேர்வு முடிவும்தான் கவலை தருகின்றன என்றார்கள் 81 சதவீதம் பேர். ‘ஸ்கூல் எப்படிப் போகுது?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நல்லாப் போகுது’ என்ற பதில்தான் வரும். எது பயமுறுத்துகிறது என்று குறிப்பாகக் கேட்டால்தான் உள்ளே கிடப்பது வெளியே வரும்.

பிள்ளைகள் பொய் எழுதுவார்களாம். ஒருவர் இருவர் விளையாட்டாக எழுதலாம். ஒரு வகுப்பில் பாதிப் பேர் ஒரே கழிப்பறையை, ஒரே பேருந்தை, ஒரே ஆசிரியரின் வசவைக் குறிப்பிட்டால் அதைக் குறும்பு என்று தள்ள முடியுமா?

கேட்பதற்கும் முறை உண்டு. பெயர் வேண்டாம். தாளை வகுப்பாசிரியர் வாங்கக் கூடாது. பெற்றோரையும் தனியே கேட்க வேண்டும். முடிவைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009 அரசுப் பள்ளிகளின் அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்கே தந்திருக்கிறது. அலமாரியில் பூட்டிய கருத்துக்கணிப்பு பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பேசும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கள் பிள்ளைகளைக் கேட்டீர்களா? என்ன சொன்னார்கள்? அதற்கு என்ன செய்தீர்கள்?