பழங்காரும் மைற்கணக்கும்

மைல்மானியைத் திருப்பிவைத்து விற்போரைத் தடுக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 1972இல் சமஷ்டிச் சட்டம் பிறந்தது. ஓடிய மைலை எழுதிக் கையொப்பமிடல் விற்பவர் கடன். ஆயின், 2010ஆம் ஆண்டு மாதிரிக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் இன்று அக்கடனில்லை. பழங்காரின் உரிமைப் பத்திரத்திலே பெரும்பாலும் ‘விலக்கு’ என்னும் சொல்லே நிற்கின்றது.

ஐந்திலக்க மானியோ 99,999ஐக் கடந்ததும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். 30,000 காட்டும் கார் 130,000 ஓடியதோ, 230,000 ஓடியதோ, யாரறிவார்? குறைந்த மைலுக்கே கூடிய விலை. பொய் நுழையும் வாயிலும் அதுவே. சட்டம் வாய்மூடினும் விற்பவர் மூடலாகாது என்பது எம் கருத்து. பழுதுபார்த்த பற்றுச்சீட்டுக்களைத் திகதிவாரியாகச் சேர்த்துக் கொடுத்தால், மானி மறைத்ததைத் தாள் உரைக்கும். எண்ணெய்க்கறை படிந்த அத்தாள்களையே வீட்டார் முதலில் குப்பையிலிடுகின்றனர்!